காசு கொடுத்து வாங்கிய ஹெதர்

1974 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு, கிரிம்போஸ்ட் கிராமம். ஒன்பதாம் எண் காணியில், வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள துண்டு நிலத்தில், நாற்பது ஹெதர் செடிகள் நின்றன.

கிரிம்போஸ்டில் ஹெதர் இல்லாத இடத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஊருக்குப் பின்னால் தொடங்கும் மேட்டுநிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்தக் குட்டையான காட்டுச்செடிதான். ஆடு மேய்வது அதன் மேல், அடுப்பெரிக்க பீட் என்ற கரிமண் வெட்டுவது அதன் அடியில், சனிக்கிழமை குடித்துவிட்டுக் குறுக்கு வழியில் வீடு திரும்புகிறவன் தடுக்கி விழுவது அதற்குள். ஆகஸ்ட் வந்தால் அது பூத்து மலை முழுக்க ஊதா நிறமாகும். யாரும் நின்று பார்ப்பதில்லை.

மலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு நீண்ட கல்வேலி உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் ஹெதர், இந்தப் பக்கம் மனிதர்கள். இந்தப் பக்கத்தை இந்தப் பக்கமாகவே வைத்திருப்பதில்தான் அங்கே ஒவ்வொரு குடும்பத்தின் மானமும் இருந்தது. "அவங்க காணியில ஹெதர் வேலி தாண்டிடுச்சு" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அங்கே உழைக்க ஆளில்லை, அல்லது ஆள் இருந்தும் உருப்படி இல்லை என்று பொருள். பெண் கொடுக்கிறவர்கள் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் டோலினா மக்காலே ஹெதரை விலை கொடுத்து வாங்கி, வேலிக்கு உள்ளே, சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் நட்டாள்.

டோலினா அந்த ஊர்க்காரிதான். இளம் வயதில் கிளாஸ்கோவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், ஒரு பெரிய வார்டின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளாத அவள் அண்ணன் இறந்தபோது காணி அவள் பேருக்கு வந்தது. காணி என்றால் சொந்த நிலம் அல்ல. பரம்பரையாக வரும் குத்தகை. உழுது பயிர் வைக்கிறவரை யாரும் அசைக்க முடியாது. சும்மா போட்டால் இன்வெர்னஸில் இருக்கும் அதிகாரிகள் அதை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். நிலத்தோடு வீடும் போகும். டோலினாவும் அவள் கணவன் அலெக்கும் கிளாஸ்கோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். திரும்பிப் போக இடம் கிடையாது.

அலெக் கிளாஸ்கோக்காரன். கப்பல் கட்டும் துறையில் ஆயுள் முழுக்க ஆணி அடித்தவன். இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தத்தில் ஒரு காதை முழுதாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மண்வெட்டியின் எந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும் என்பதைத் தவிர விவசாயத்தில் அவனுக்கு எதுவும் தெரியாது.

ஹெதர் எண்ணம் டோலினாவுக்கு ஆஸ்பத்திரித் தலைமை நர்சின் வீட்டில் வந்தது. ஒருமுறை தேநீருக்குப் போயிருந்தாள். வீட்டு முன்னால் சன்னமான சரளைக்கல் பரப்பி, நடுவில் தீவு தீவாக ஹெதர். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, தங்கநிற இலை. இடையிடையே முழங்கால் உயரத்தில் குட்டைச் சைப்ரஸ் மரங்கள். "களை வராது, கொத்த வேண்டாம், வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு பூக்கும்" என்று தலைமை நர்ஸ் சொன்னாள். அந்தக் காலத்தில் தெற்கே தோட்டம் வைக்கிற எல்லோரும் ஹெதர்தான் வைத்தார்கள். பத்திரிகைகளில் இதழுக்கு இதழ் அதுதான். டோலினாவின் மனதில் அந்தத் தோட்டம், விரிப்பு மாற்றி முடித்த வார்டு போலச் சுருக்கம் இல்லாமல் படிந்துவிட்டது.

ஏப்ரலில் பெட்டிகள் வந்தன. கொண்டுவந்தவன் தபால்வேன் ஆங்கஸ்.

"அக்கா, உள்ள என்ன பொணமா? இந்தக் கனம் கனக்குது."

"செடி."

"என்ன செடி?"

டோலினா ஒரு கணம் மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஹெதர்."

ஆங்கஸ் பெட்டியைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மறுபடி பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்தான்.

"இங்கிலாந்துலேர்ந்தா?"

"சர்ரேல நல்ல ரகம் கிடைக்குது."

"ரயில்ல வந்து, கப்பல்ல வந்து, என் வேன்ல வந்து..." ஆங்கஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மலைமேல இருக்கிறவங்ககிட்ட சொல்லிடட்டுமா அக்கா? ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு?"

"கையெழுத்து போட்டாச்சுல்ல. கெளம்பு."

கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனைக்கூட மன்னித்துவிடலாம். அங்கே ஊசியை வெளியூரிலிருந்து வரவழைத்து வாங்குகிறவளை என்ன செய்வது? மாலைக்குள் செய்தி ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கூட்டம், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்பதாம் எண் வீட்டுக்கு முன்னால் மட்டும் நடையைத் தளர்த்தியது. ஞாயிற்றுக்கிழமை சிரிக்கக் கூடாது. அதனால் சிரிப்பைத் திங்கட்கிழமைக்குச் சேமித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

சேமிக்காத ஒரே ஆள் மர்டோ.

மர்டோவின் காணி எண் எட்டு. டோலினாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. யுத்தத்தின்போது கடற்படையில் போய் ஒருநாள் ரோமாபுரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி ஊரில் ஒருமுறை வாய்விட்டுவிட்டார். அன்றிலிருந்து, போப் என்றால் முகம் சுளிக்கிற அந்தப் புராட்டஸ்டண்ட் ஊரில், அவர் பேர் போப் மர்டோ. சர்ச்சில் மூப்பராக ஆன பிறகும் பட்டம் போகவில்லை. அவரைப் பற்றி இரண்டு விஷயங்களை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அவர் பொய் சொல்ல மாட்டார். நாக்கில் வந்துவிட்ட நையாண்டியை விழுங்கவும் மாட்டார்.

வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் பேசினார்.

"தங்கச்சி, அடுத்து என்ன வரவழைக்கப் போற? மழையா?"

"உங்க வேலையப் பாருங்க மர்டோ அண்ணே."

"நம்ம தாத்தாங்க ரெண்டு பேரும் இதப் பிடுங்கிப் பிடுங்கியே கூன் விழுந்து செத்தாங்க. நீ காசு குடுத்து வாங்கி நடற. அவங்க எந்திரிச்சு வந்தா முதல்ல யாரை அடிப்பாங்க, உன்னையா உம் புருஷனையா?"

"அவரு என்ன சொல்றாரு?" என்றான் அலெக்.

"அழகா இருக்காம்," என்றாள் டோலினா.

அலெக் மண்வெட்டியை உயர்த்தி மர்டோவுக்கு நன்றி சொன்னான்.

மே மாதக் காற்றில் செடிகளின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் அட்டைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போயின. ரசீதை ஏற்கெனவே அலெக் அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தியிருந்தான். டோலினா கவலைப்படவில்லை. செடிகள் நன்றாகத்தான் இருந்தன.

ஜூனில் நுனிகள் வெளுத்தன. ஜூலையில் மஞ்சளாயின. சாலைக்கு அப்பால் மலையில், யாரும் தண்ணீர் காட்டாத, யாரும் பெயர் வைக்காத ஹெதர், கருகருவென்று மொட்டு கட்டிக்கொண்டிருந்தது. டோலினாவின் ஹெதர் மட்டும் ரத்தசோகை பிடித்த நோயாளி போல வெளிறிக் கிடந்தது.

அவள் வார்டில் செய்ததைச் செய்தாள். காலையும் மாலையும் சுற்றி வந்தாள். ஒவ்வொரு செடி முன்னாலும் குந்தி, இலையைத் திருப்பிப் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்ததற்கு நகர்ந்தாள்.

"டோலி," என்றான் அலெக், "மலையில இருக்கிறது பெத்தவ இல்லாம வளருது. உன்னோடது என்ன, ஐசியு கேஸா?"

"தெற்கத்திச் செடி. காத்து பழகணும்."

"செடி காத்துக்கு மஞ்சளாகுமா?"

ஆகாது என்று அவளுக்கே தெரியும். அப்போதுதான் அவளுக்கு அப்பாவின் வைத்தியம் ஞாபகம் வந்தது. அந்த ஊரில் எந்தப் பயிர் மஞ்சளடித்தாலும் வைத்தியம் ஒன்றுதான். கடற்கரைக்குப் போய், அந்த வெள்ளை வெளேரென்ற சிப்பி மணலைக் கூடையில் அள்ளி வந்து போடுவது. ஓட்ஸுக்குப் போட்டார்கள், புல்லுக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் போட்டார்கள். அது பலிக்காமல் போனதாக யாரும் சொன்னதில்லை. சர்ரேக்காரனுக்கு இந்த மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

அலெக் தள்ளுவண்டி நிறைய மணல் கொண்டுவந்தான். டோலினா ஒவ்வொரு செடியின் தூரிலும் இரண்டு கை அள்ளிப் போட்டு அமுக்கினாள். ஒரு வாரத்தில் செடிகள் இன்னும் மஞ்சளாயின. மருந்து போதவில்லை என்று முடிவு செய்து இன்னொரு வண்டி போட்டாள்.

ஆகஸ்டில் ஒருநாள் மர்டோ ஒரு கயிற்றில் கோத்த கானாங்கெளுத்தி மீன்களோடு வந்தார். அவர் மகன் பிடித்தது. மகனுக்குக் குளிர்காலத்தில் கல்யாணம், பெண் அடுத்த ஊர், வீடு கட்ட இடம்தான் இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் எண் காணியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்வையால் அளந்துவிட்டுப் போனார். மீன் நல்ல ருசி. அன்று காலையில் அவர் தபாலில் சேர்த்தது என்ன என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்பதாம் எண் காணியின் பயிர்நிலத்தில் ஹெதர் நிற்கிறது என்று புகார் வந்திருப்பதாகவும், விசாரிக்க செப்டம்பர் 17 அன்று அதிகாரி வருவதாகவும் இன்வெர்னஸிலிருந்து தகவல் வந்தது.

டோலினா நேராக வேலிக்குப் போனாள்.

"மர்டோ அண்ணே, நீங்களா?"

"ஆமா," என்றார் மர்டோ. அவர்தான் பொய் சொல்ல மாட்டாரே.

"மீன் குடுத்துட்டா?"

"மீன் வேற, காணி வேற. நிலத்தை வேலை செய்யறவன் வச்சிருக்கணும் தங்கச்சி. பின்பக்கம் முழுக்க புல்லு. அதையும் என் ஆடுதான் மேயுது. முன்பக்கம் ஹெதர். நான் எழுதினதுல ஒரு வார்த்தை தப்பு இருந்தா சொல்லு."

"நான் நட்டதுன்னு எழுதினீங்களா?"

"ஹெதர் நிக்குதுன்னு எழுதினேன். நிக்குதா இல்லையா?"

நின்றது. அதுதான் பிரச்சினை. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, சாய்ந்திருந்தது.

சட்டம் டோலினாவுக்குத் தெரியும். துண்டு நிலமாவது பயிர்ச்செய்கையில் இருந்தால் காணி தப்பும். ஹெதர் தானாக வந்தது என்று ஆனால் நிலம் பாழ் என்று அர்த்தம். அவள் நட்டது என்று நிரூபிக்க ரசீது இல்லை, பெயர் அட்டை இல்லை. ஊர் முழுக்கச் சாட்சி உண்டு. ஆனால் அதிகாரி முன்னால் ஒரு பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிராக இன்னொரு பக்கத்து வீட்டுக்காரனுக்காக வாய் திறப்பது கிரிம்போஸ்டில் வழக்கமே இல்லை. ஏப்ரலிலிருந்து சிரித்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று மறதி வந்துவிட்டது.

"ஆங்கஸ், நீதானே பெட்டியக் கொண்டாந்த?"

"பெட்டியக் கொண்டாந்தேன் அக்கா. உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் திறந்தா பாத்தேன்?"

"நான் சொன்னேனே உன்கிட்ட!"

"சொன்னீங்க. ஆனா நான் ரெண்டு வீட்டுக்கும் தபால் போடறவன்க்கா. இன்னிக்கு ஒருத்தருக்காகப் பேசினா நாளைக்கு இன்னொருத்தர் வீட்டு நாயி என்னைப் பாக்கிற பார்வையே மாறிடும்."

அலெக்கிடம் ஒரு திட்டம் இருந்தது. கப்பல் கட்டும் துறையில் அதிகாரிகள் வரும்போது பழைய தகட்டுக்குப் புது வண்ணம் அடித்தவன் அவன்.

"ஹெதரைப் பிடுங்கிடுவோம். ஸ்டோர்னோவே டவுன் கடையில முட்டைக்கோஸ் வாங்கிட்டு வர்றேன். பெரிசா, நாப்பது. வரிசையா மண்ணுல புதைச்சு வச்சிடலாம். அந்த ஆளு என்ன, பிடுங்கியா பாக்கப் போறான்?"

"அப்படி ஒருத்தர் பண்ணா ஊருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன, இந்த ஊர்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

டோலினா யோசித்தாள். யோசித்தோம் என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "வேண்டாம்," என்றாள். "நோயாளி சாகப்போறான்னு தெரிஞ்சா கட்டிலை மாத்தி வேற ஆளைப் படுக்கவச்சு டாக்டருக்குக் காட்டறதா? நான் நட்டேன். நான் நட்டதுன்னே சொல்றேன்."

"அவன் நம்பலேன்னா?"

டோலினா போய் ஒரு செடியின் தூரில் இன்னும் கொஞ்சம் மணல் போட்டாள்.

அதிகாரி கில்கிறைஸ்ட் செவ்வாய்க்கிழமை காலை ஆங்கஸின் வேனிலேயே வந்து இறங்கினார். விவசாயக் கல்லூரியில் படித்த ஒல்லியான மனிதர். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கஸ் வேனைக் கிளப்பாமல் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாலையில் ஒரு கிழவர் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார், கட்டி முடிக்கவில்லை. மர்டோ ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, தன் பக்கத்து வேலியிலிருந்து இந்தப் பக்கம் வந்து நின்றார்.

கில்கிறைஸ்ட் துண்டு நிலத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஹெதர்," என்றார்.

"நான் நட்டது சார்," என்றாள் டோலினா.

"எதை?"

"இந்த ஹெதரை. வாங்கி நட்டேன்."

"வாங்கி." கில்கிறைஸ்ட் மெதுவாகத் திரும்பி மலையைப் பார்த்தார். மலை அன்று கொஞ்சமும் அடக்கம் இல்லாமல் அடிவானம் வரை ஊதாவாகக் கிடந்தது. "அம்மா, இங்க வேலை பாத்து எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆகுது. நிலத்துல நுழைஞ்ச ஹெதரைப் பத்தி நெறைய கதை கேட்டிருக்கேன். ஆடு விதையைக் கொண்டாந்துடுச்சும்பாங்க. காத்து கொண்டாந்துதும்பாங்க. ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரன் ராத்திரில வந்து வச்சிட்டான்னாரு. காசு குடுத்து வாங்கினேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"பொய் சொன்னா இதைவிட நல்லதாச் சொல்லத் தெரியாதா சார் எனக்கு?"

அதில் நியாயம் இருப்பதாக அவருக்கும் பட்டிருக்க வேண்டும், கொஞ்சம் யோசித்தார். "சட்டத்துல பயிரிடணும்னுதான் இருக்கு. எதைப் பயிரிடணும்னு இல்ல. நீங்க நட்டதுன்னா நட்டது. ஆனா அதுக்கு ஏதாவது ஆதாரம் வேணும். ரசீது?"

"இவரு அடுப்புல போட்டுட்டாரு."

"என்ன கேக்கறாரு?" என்றான் அலெக்.

"உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்."

அலெக் அதிகாரிக்கு மரியாதையாகத் தலை அசைத்தான்.

கில்கிறைஸ்ட் மர்டோவிடம் திரும்பினார். "நீங்கதானே புகார் குடுத்தது? இந்த அம்மா நட்டதா இது, தானா வந்ததா?"

சாலையில் லேஸ் கட்டுகிற கிழவரின் கை நின்றது. டோலினா மர்டோவின் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை. 'நட்டது' என்று சொன்னால் அவள் வீடு அவளுக்கு. 'தானா வந்தது' என்று சொன்னால் அது பொய், மூப்பர் பொய் சொல்ல முடியாது. மர்டோ கோட்டுப் பித்தானைச் சரி செய்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல சார். கண்ணு இருக்கு, பாருங்க. பாக்கிறதை எழுதிக்குங்க."

அது பொய் அல்ல. உண்மையும் அல்ல. ரோமாபுரிக்கு ஒருநாள் போய்வந்தாலே இவ்வளவு சாதுரியம் வந்துவிடும் போல என்று டோலினா நினைத்தாள்.  

கில்கிறைஸ்ட் குந்தி ஒரு கிளையைத் தொட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். அவருக்குச் சீக்கிரம் முடித்துவிட்டு ஏதாவது சூடாகக் குடிக்க வேண்டும் என்றிருந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு," என்று எழுந்தார். "பாழ்னுதான் எழுத வேண்டியிருக்கும். இதுல உங்க தப்புன்னுகூடச் சொல்ல முடியாதும்மா. மண்ணு அப்படி. இந்தப் பக்கம் முழுக்கப் புளிப்பு மண்ணுதான், என்ன செஞ்சாலும் கடைசில ஹெதர்தான் வரும்." பிறகு, ஆறுதல் சொல்லும் குரலில் மர்டோவைப் பார்த்து, "பக்கத்துல உங்களோடதும் இதே வரப்புல வர்ற மண்ணுதானே? பாவம், நீங்களும் கஷ்டப்படுவீங்க."

மர்டோ வாயைத் திறந்தார். மூடினார். அவர் கழுத்து சிவந்தது, பிறகு காது சிவந்தது. ஆங்கஸ் டயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தக் காது சிவந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

"புளிப்பு மண்ணா?" என்றார் மர்டோ.

"ஏன், இல்லையா?"

"எட்டும் ஒன்பதும் புளிப்பு மண்ணா? சார், நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க? என் தாத்தாவும் இவ தாத்தாவும் முதுகுல கூடையக் கட்டி, அந்தக் கரையிலேர்ந்து சிப்பி மணல் சுமந்து போட்ட மண்ணு சார் இது! அவங்க போட்டாங்க, எங்கப்பன் போட்டான், இவ அப்பன் போட்டான், நான் இன்னிக்கும் போடறேன். இந்தக் கரை முழுக்க இதுக்கு ஈடா ஒரு பிடி மண்ணு காட்டுங்க பாப்போம்! இதுல ஹெதர் வருமா? நூறு வருஷமா ஹெதரைக் கொல்றதுக்காகவே செஞ்ச மண்ணு! பாருங்க, உங்க கண்ணு முன்னாலயே எப்படிச் சாகுதுன்னு! மஞ்சளா, பல்லிளிச்சிட்டு! தானா வர்ற ஹெதர் இப்படியா இருக்கும்? இந்த மண்ணுல ஹெதர் கெஞ்சினாலும் தானா முளைக்காது சார். இவளை மாதிரி ஒரு பைத்தியக்காரி இங்கிலாந்துலேர்ந்து காசு குடுத்து வாங்கியாந்து நட்டாத்தான் உண்டு!"



மர்டோவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. தான் சொன்னது அவர் காதுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அவருடையது நல்ல காது.

"என்ன சொன்னாரு?" என்றான் அலெக்.

"பைத்தியக்காரின்னாரு," என்றாள் டோலினா. அவளுக்குக் கண் கலங்கியது. "உசுரு இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

அலெக் மர்டோவை நோக்கி ஓர் அடி வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கில்கிறைஸ்டுக்கு மூக்கு ஒழுகுவது மறந்துவிட்டது. மீண்டும் குந்தினார். செடியின் தூரில் விரலை விட்டுக் கிளறி, மண்ணை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தார். வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் தூள் மின்னியது.

"அம்மா, வீட்ல வினிகர் இருக்குமா?"

"எதுக்கு சார்?"

"சிப்ஸுக்குப் போடறது இருந்தாப் போதும்."

டோலினா உள்ளே போய் மேசையிலிருந்த வினிகர் புட்டியைக் கொண்டுவந்தாள். கில்கிறைஸ்ட் மண்ணின் மேல் சில துளி விட்டார். மண் சீறியது. சோடா புட்டியைத் திறந்தது போல நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. லேஸ் கட்டுகிற கிழவர், ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்தபடியே, வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"சுண்ணாம்பு," என்றார் கில்கிறைஸ்ட். "நெறைய சுண்ணாம்பு. பெரியவர் சொல்றது சரிதான். ஹெதருக்கு இது விஷம். ஹெதர் கேக்கிறதுதான் புளிப்பு மண்ணு. இதுல ஒண்ணு தானா முளைச்சு நாப்பது ஆகாது." கிளறிய இடத்தை மறுபடி பார்த்தார். "ஆனா ஒரு சந்தேகம். அடியில இருக்கிறது பழசு, இந்த மணல் புதுசா இருக்கே? மேலாப்புல, தூரைச் சுத்தி மட்டும். இதை யாரு போட்டது?"

டோலினா மலையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அதிகாரியைப் பார்த்தாள்.

"நான்தான் சார். மஞ்சளாச்சுன்னு. மருந்தா."

"எவ்வளவு?"

"ரெண்டு வண்டி."

கில்கிறைஸ்ட் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் நர்சா இருந்தீங்கன்னு ஆங்கஸ் வர்ற வழியில சொன்னாரு," என்றார்.

"ஆமா."

"நோயாளிங்க பிழைச்சாங்களா?"

"அவங்க யாருக்கும் நான் மணல் போடல சார்."

ஆங்கஸ் வேனுக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். கிழவர் மறைக்கவே இல்லை. அலெக், எதற்கென்று தெரியாமலேயே, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தான். மர்டோ மட்டும் தன் நாக்கை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கில்கிறைஸ்ட் நின்றபடியே எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். துண்டு நிலம் முதல்தரப் பயிர்மண், சுண்ணாம்பு தொடர்ந்து இடப்பட்டு வருகிறது, குத்தகைக்காரர் தன் கையால் நட்ட செடிகள் உள்ளன, புகார் கொடுத்தவரே அதை உறுதி செய்தார். கையெழுத்துக்காகப் பேனாவை மர்டோவிடம் நீட்டினார்.

மர்டோ பேனாவை வாங்கி, படித்து, இன்னொரு முறை படித்தார்.

"முதல்தரம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"எட்டாம் நம்பரையும் சேத்து எழுதுவீங்களா?"

"நான் ஒன்பதைப் பாக்கத்தான் வந்தேன்."

"ரெண்டும் ஒரே மண்ணுன்னு ஒரு வார்த்தை போட்டா என்ன?"

கில்கிறைஸ்ட் ஒரு வார்த்தை போட்டார். மர்டோ கையெழுத்திட்டார். பிறகு டோலினாவிடம் திரும்பி, "தங்கச்சி, இனிமே அதுக்கு மணல் போடாத," என்று சொல்லிவிட்டு வேலி தாண்டிப் போனார்.

அக்டோபர் கடைசி வாரத்தில் இன்வெர்னஸிலிருந்து முடிவு வந்தது. கிரிம்போஸ்ட் ஒன்பதாம் எண் காணியின் குத்தகை டோலினா மக்காலேயின் பேரிலேயே நீடிக்கும். மர்டோவின் மகன் டிசம்பரில் கல்யாணம் செய்துகொண்டு பெண்வீட்டார் ஊரில் குடியேறினான். மார்ச் மாதத்துக்குள் ஹெதர் செடிகள் நாற்பதும் செத்துவிட்டன. அந்தத் துண்டு நிலத்தில் ஓட்ஸ் விதைக்கப்பட்டது.